நல்லமுத்து கட்டிய மணி

நல்லமுத்து கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். தீவிலிருந்து கிளம்பும் காலை ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அதன் மேலேயே ஒருக்களித்து உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து நாலாய் மடித்த காகிதக் கட்டை எடுப்பார். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் கைத்தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் கடைசித் தாளை உருவி, கடைசி வரியில் கட்டைவிரலை வைத்து, வரி வரியாய் மேலே ஏறுவார். பட்டர்வொர்த் கரை தட்டுவதற்குள் ஆறு பக்கம் முடிந்துவிடும். தாளில் இருப்பது கம்ப்யூட்டர் நிரல்.

"மேலேருந்து படிச்சா எழுதுனவன் சொல்ற கதைய நம்பிருவோம்லா. அடியிலேருந்து வந்தாத்தான் அவன் என்னா செஞ்சான்னு தெரியும்" என்பார்.

காதில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். அதை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பார்சலுக்குக் கையெழுத்துப் போடக் கேட்டால்கூட "பேனா இல்லியா ஒனக்கு?" என்றுதான் பதில் வரும். ஒருமுறை மேனேஜர் அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போய்விட்டார். நல்லமுத்து பின்னாலேயே போய், கதவுக்கு வெளியே நின்று, வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்.

வயது ஐம்பத்தெட்டு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஈயம் உருக்கிப் பற்ற வைத்துக்கொண்டிருந்தவர். அந்தத் தொழிற்சாலை ஒரே நாளில் நானூறு பேரை வெளியே அனுப்பியபோது அவரும் வெளியே வந்தார். ஜெராக்ஸ் எடுத்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு நிரல் எழுதத் தானே கற்றுக்கொண்டார். பட்டம் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக மாக் மண்டினில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறார். இரும்புத் தகடு அடிக்கும் பிரெஸ் மிஷின்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனி அது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் இயங்குதளத்துக்கு நடுவில், எல்லா நிரலுக்கும் அடியில் உட்கார்ந்து இரும்போடு நேரடியாகப் பேசுகிற பகுதிக்குக் கெர்னல் என்று பேர். இந்தக் கம்பெனியின் கெர்னலில் இருபது ஆண்டுகளாகப் பலர் எழுதிக் குவித்தது கிடக்கிறது. எழுதியவர்கள் போய்விட்டார்கள். எழுதியது போகவில்லை. எந்த வரி இன்னும் வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்த்து, சும்மா கிடப்பதை அப்புறப்படுத்துவது நல்லமுத்துவின் வேலை. பதினெட்டு ஆண்டில் அவர் எழுதியதைவிட அழித்தது பல மடங்கு.

மெக்கலம் ஸ்திரீட்டில் அடுக்குமாடி வீடு. அங்கே நிலைமை நேர் எதிர். "ஆபீஸ்ல எல்லாத்தையும் அழிக்கிற மனுசன், வீட்டுல ஒரு செத்த சார்ஜரத் தூக்கிப் போட விடமாட்டாரு. கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா? வயரு. நான் செத்தாலும் டப்பாவுல போட்டு வச்சிருவாரு" என்கிறார் மனைவி சாந்தினி. நல்லமுத்து மறுப்பதில்லை. "தேவப்படும்" என்பார், கோப்பியை உறிஞ்சிக்கொண்டே.

அழிப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. ஒரு துண்டு நிரல் செத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே வெட்ட மாட்டார். அதன் வாசலில் ஒற்றை வரி ஒன்றைச் சேர்ப்பார். மிஷின் எப்போதாவது அந்தப் பக்கம் போனால், இன்ன இடத்துக்கு ஆள் வந்தது என்று அந்த வரி ஒரு செய்தியைப் பதிவேட்டுக்கு அனுப்பும். இதற்கு அவர் வைத்திருக்கும் பேர் மணி கட்டுவது. தைப்பூச விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மணி கட்டுவார். அடுத்த தைப்பூசம் வரை காத்திருப்பார். மணி ஒலிக்காவிட்டால் சிவப்புப் பென்சில் காதிலிருந்து இறங்கி, தாளில் அந்த வரிகளின் மேல் கோடு போடும். இப்படி ஒன்பதாயிரம் வரிக்கு மேல் போயிருக்கிறது. ஒரு புகார் வந்ததில்லை.

"சும்மா இருக்குறவன செத்தவன்னு எழுதக்கூடாது தம்பி. ஒரு வருசம் கூப்புட்டுப் பாக்கணும்." கம்பெனியில் எல்லோருக்கும் இது மனப்பாடம். கழிவறையில் அவர் நேரம் எடுத்துக்கொண்டால் கதவைத் தட்டி "அண்ணே, மணி கட்டவா?" என்று கேட்கிற அளவுக்கு.

இந்த மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் ஷர்வின் அவர் மேசைக்கு வந்தார். ஷர்வினுக்கு முப்பத்தொரு வயது. வெள்ளிக்கிழமை புதிய கெர்னல் வெளியே போக வேண்டும் என்று மேலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்.

"அண்ணே, அந்த அறுவத்தோரு வரி. மணி கட்டி பதிமூணு மாசம் ஆச்சு. ஒரு சத்தம் இல்ல. இன்னும் ஏன் வச்சிருக்கீங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் பாஸ் தம்பி."

"பாக்குறதுக்கு என்னா இருக்கு? யாரும் அதக் கூப்புடல. எழுதுன ஸ்ரீகரன் இப்ப பெர்த்ல வீடு விக்கிறாரு. அவருக்கே நெனப்பு இருக்காது."

ஸ்ரீகரன் 2007இல் எழுதிய அறுபத்தொரு வரி அது. தலையில் மலாயில் இரண்டே சொல்: ஜாங்கான் செந்து. தொடாதே என்று அர்த்தம். ஏன் தொடக்கூடாது என்று எழுதி வைக்கவில்லை. பழைய பச்சை நிறப் பெட்டிகளுக்காக எழுதியது என்பது மட்டும் தெரியும். பச்சைப் பெட்டிகள் எல்லாவற்றையும் 2021க்குள் மாற்றிவிட்டதாக அலுவலகப் பட்டியல் சொல்லியது. நிரலில் வேறு எந்த இடத்திலிருந்தும் இந்தத் துண்டுக்கு அழைப்பு இல்லை. பச்சைப் பெட்டியில் கரண்டு போவதுதான் அதைக் கூப்பிடும். மின்சாரம் நின்றதும் பெட்டிக்குள் மிச்சமிருக்கும் உயிரில், அதாவது முப்பது மில்லி செகண்டில், பிரெஸ்ஸின் சுத்தி எந்த உயரத்தில் நிற்கிறது என்று குறித்து வைப்பது அதன் வேலை. கரண்டு திரும்பியதும் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் பெட்டி விளக்குப் போடும். சுத்தி மேலே இருந்தால் பச்சை. பாதியில் நின்றால் சிவப்பு. குறிப்பே இல்லையென்றால், மேலேதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பச்சை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார் நல்லமுத்து. அந்தத் தாளை அடியிலிருந்து மறுபடியும் ஒருமுறை படித்தார். வெட்டிவிடலாம் என்றுதான் அவருக்கும் பட்டது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சர்வீஸ்காரர் கமால் எதிரே வந்து உட்கார்ந்தார். பென்டிரைவை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போய்ப் பெட்டிகளுக்குப் புது நிரல் ஏற்றி வருகிறவர். ஊர்க்கதை எல்லாம் அவரிடம் இருக்கும்.

"பின்னால ரெண்டு ஜாலான் தள்ளி, கதவுக் கீலு அடிக்கிற மொதலாளி, அந்தத் தவுக்கே எடம் தெரியும்லண்ணே? மறுபடியும் தகடு வெட்டுற அச்சு ஒடஞ்சிருச்சு."

"எப்புடி?"

"போன மாசம் மழையில கரண்டு போயி வந்துச்சுல்ல. ஜெயலெட்சுமிக்கா சுவிட்ச அமுக்குனாங்க. சுத்தி பாதியில நின்னுருக்கு. மிஷின் தகட்ட உள்ள தள்ளி, அச்சு தெறிச்சு, அக்காவுக்குப் புருவத்துல மூணு தையலு. பாக்காம அமுக்கிட்டாங்கன்னு தவுக்கே வார்னிங் லெட்டர் குடுத்துட்டாரு. செப்டம்பர்லயும் இதே மாதிரிதான். அக்கா, பச்ச லைட்டு எரிஞ்சிச்சு, அதனாலதான் அமுக்குனேன்னு ரெண்டு வாட்டியும் சத்தியம் பண்ணுது. யாரு நம்புவா?"

"அப்பறம்?"

"அப்பறம் என்னா? வியாழக்கெழம மூணு மணிக்கு வெசாரண. பத்தொம்பது வருசம்லா. வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

நல்லமுத்து சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "பொட்டி என்னா கலரு?"

"பச்ச."

"பச்சப் பொட்டி லிஸ்ட்ல இல்லியே."

"லிஸ்ட்ல இல்லன்னா? நாலு இருக்கு அங்க. மூடிப்போன ஃபேக்டரியிலேருந்து தவுக்கே செகண்ட் ஹேண்ட்ல வாங்குனாரு. போன வருசம் நாந்தானே அதுக்கும் அப்டேட் ஏத்துனேன். பொட்டியப் பாத்தா சொருவுறதுதானே என் வேல."

பட்டியலில் பேர் இல்லாத ஆள், இல்லாத ஆளாகிவிடுவது தொழிற்பேட்டைகளுக்குப் புதிதல்ல. பெட்டிகளுக்கும் அதே கதிதான்.

நல்லமுத்து பாதிச் சோற்றில் கை கழுவினார். ஸ்டோர் அறைக்குப் போய், மேல்தட்டில் தூசு பிடித்துக் கிடந்த பச்சைப் பெட்டியை இறக்கினார். தன் மேசையில் வைத்து, போன வருட நிரலை ஏற்றினார். சுத்தியின் உயரம் காட்டும் கருவிக்குப் பதிலாக கையால் திருப்பும் சின்னத் திருகி ஒன்றை இணைத்து, அதைப் பாதியில் வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். சொருகினார். பச்சை எரிந்தது. மறுபடியும் பிடுங்கினார். பச்சை. பத்துமுறை பிடுங்கினார், பத்துமுறையும் பச்சை. சுத்தி பாதியில் நிற்க, மேலே இருக்கிறது என்று பெட்டி பத்துமுறை பொய் சொன்னது.

பிறகு நிரலில் ஒரே ஒரு வரியை எடுத்தார். அவரே கட்டிய மணியை. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். சிவப்பு. பத்துமுறையும் சிவப்பு.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். மணியின் செய்தி நாற்பது எழுத்து. பச்சைப் பெட்டியில் பதிவேட்டுச் செய்தி பழைய மெதுவான கம்பி ஒன்றின் வழியாகத்தான் வெளியே போகும். ஓர் எழுத்துக்கு ஒரு மில்லி செகண்ட். ஆக நாற்பது. பெட்டிக்கு மிச்சமிருக்கும் உயிர் முப்பது. சுத்தியின் உயரத்தைக் குறிக்க வேண்டிய நேரம் முழுவதையும் மணி தின்றுவிட்டது. செய்தி பாதியிலேயே செத்தது, கம்பியின் மறுமுனையிலும் கேட்க யாரும் இல்லை. பதிமூன்று மாதமும் மணி ஒலித்திருக்கிறது. ஒலித்து ஒலித்தே, உயிரோடிருந்த நிரலைக் கொன்றிருக்கிறது.

கமால் எட்டிப் பார்த்தார். "என்னாண்ணே, பேயறஞ்ச மாதிரி?"

"மணி கத்தி முடிக்கிறதுக்குள்ள உயிரு போயிருதுடா" என்றார் நல்லமுத்து. கமாலுக்குப் புரியவில்லை. நல்லமுத்து பிளக்கை இன்னொரு முறை பிடுங்கினார்.

புதன்கிழமை காலை ஷர்வினிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிடுங்கியும் காட்டினார். ஷர்வின் புத்திசாலி, இரண்டாவது பச்சையிலேயே விளங்கிக்கொண்டார்.

"சரிண்ணே. மணிய எடுத்துருவோம். அறுவத்தோரு வரியும் இருக்கட்டும். இன்னைக்கே கமால அனுப்பி அந்த நாலு பொட்டிக்கும் ஏத்திருவோம். முடிஞ்சிச்சு."

"ஜெயலெட்சுமி?"

"யாரு?"

"நாளைக்கு வேல போவப்போற பொம்பள."

ஷர்வின் கதவைச் சாத்தினார். "அது அவுங்க கம்பெனி மேட்டர். நாம போயி எங்க தப்புன்னு சொன்னா, ரெண்டு அச்சுக்கும் தவுக்கே நம்மளத்தான் புடிப்பாரு. மேல இருக்குறவங்க என்னையப் புடிப்பாங்க. நான் யாரக் காட்டுறது? ஒங்க காண்ட்ராக்ட் ஜூன்ல முடியுது, நெனப்பு இருக்கா?"

"இருக்கு. என்னையவே காட்டு. நான் எழுதுன வரிதானே."

"அண்ணே, நான் ஒங்க நல்லதுக்குத்தான்…"

"அந்தப் பொம்பளைக்கி மூணு தையலு தம்பி."

கம்பெனித் தாளில் கடிதம் எழுதித் தர ஷர்வின் சம்மதிக்கவில்லை. நல்லமுத்து வெறுந்தாளில் மலாயில் எழுதினார். அரைப் பக்கம். இன்ன தேதியில் இன்ன வரியை நான் சேர்த்தேன், அதனால் கரண்டு போய் வந்தால் விளக்குத் தப்பாகக் காட்டும், மிஷின் ஓட்டியவர் மேல் தப்பில்லை. கீழே பேர், அடையாள அட்டை எண், கையெழுத்து. வருந்துகிறேன் என்ற சொல் எங்கும் இல்லை. அன்றைய கெர்னல் மாற்றத்துக்கான குறிப்பிலும் அதே அரைப் பக்கத்தைத்தான் போட்டார். அந்தக் குறிப்பு கம்பெனி இருக்கும்வரை இருக்கும். அதை அழிக்க முடியாது என்பது மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்குப் பச்சைப் பெட்டியை ஒரு பலசரக்குப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டில் காவலாளி நிறுத்தினார். கம்பெனிப் பொருள் வெளியே போக மேனேஜர் கையெழுத்து வேண்டும். நல்லமுத்து வெயிலில் நின்றார். பத்து நிமிடம் கழித்து ஷர்வின் படியிறங்கி வந்தார். கேட் பாஸ் தாளை வாங்கி, காரணம் என்ற இடத்தில் 'டெமோ' என்று எழுதி, தன் சொந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

தவுக்கேயின் அலுவலக அறையில் மேசை ஒன்று, காற்றாடி ஒன்று. எழுபதைத் தொட்ட மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். எதிரே ஃபைல் திறந்திருந்தது. ஜெயலெட்சுமி கதவோரம் நின்றார். நாற்பத்தொன்பது வயது, நெடுநெடுவென்ற உருவம், இடது புருவத்தில் புதுத் தழும்பு. நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"நீங்க யாருண்ணே? யூனியனா?"

"இல்லம்மா. பொட்டி செய்ற எடத்துலேருந்து வர்றேன்."

"ரிப்பேர் பாக்க இப்பத்தான் நேரம் கெடச்சிச்சா ஒங்களுக்கு?"

நல்லமுத்து மேசையில் பெட்டியை வைத்துப் பிளக்கைச் சொருகினார். சந்தையில் பேசும் தன் பாசார் மலாயில் தவுக்கேயிடம் நாலே வாக்கியம் சொன்னார். தவுக்கே கடிதத்தைப் படித்தார், முகத்தில் எதையும் காட்டவில்லை. "பொய்க் கடிதம் யார் வேண்டுமானாலும் எழுதலாம்" என்று மலாயில் சொன்னார். நல்லமுத்து தலையாட்டினார். திருகியைப் பாதியில் வைத்து, வயரை ஜெயலெட்சுமி பக்கம் தள்ளினார்.

"நீங்களே புடுங்குங்கம்மா."

ஜெயலெட்சுமி பிடுங்கினார். சொருகினார். பச்சை எரிந்தது.

"இதத்தானே சொன்னேன்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "நாக்கு வத்துற வரைக்கும் இதத்தானே சொன்னேன்."

தவுக்கே எழுந்து வந்தார். அவரும் பிடுங்கினார். பச்சை. நல்லமுத்து பென்டிரைவைச் சொருகி, மணி இல்லாத நிரலை ஏற்றிக் கொடுத்தார். சிவப்பு. தவுக்கே நாலுமுறை பிடுங்கிப் பார்த்தார், நாலும் சிவப்பு. நாற்காலிக்குத் திரும்பி, ஃபைலிலிருந்த இரண்டு வார்னிங் லெட்டரையும் உருவி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நாலாகக் கிழித்தார். அச்சு இரண்டுக்கும் உன் மேனேஜரோடு பேசிக்கொள்கிறேன் என்று நல்லமுத்துவிடம் சொன்னார். "பேசுங்க" என்றார் நல்லமுத்து.

வெளியே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் ஜெயலெட்சுமி வந்து நின்றார்.

"எது அந்த வரி?"

நல்லமுத்து சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து விரித்தார். அடியிலிருந்து விரலை ஏற்றிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். ஜெயலெட்சுமி குனிந்து பார்த்தார்.

"இந்த ஒத்த வரியா? இதுக்கா என் புருவம் கிழிஞ்சிச்சு?"

நல்லமுத்து காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். கூர்முனை தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, ஜெயலெட்சுமியிடம் நீட்டினார்.